ஒருகல அங்கிகளின் சொந்தபந்தம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் சில வருடங்கள் கடல்நீரில் வாழும் ஒருகல அங்கிகளின் டி.என்.ஏ.யோடு மல்லுக்கட்டியவள். கூர்ப்புப் பாடம் தொடங்கினால் போதும், ஒவ்வொரு வருடப் பிள்ளைகளும் அதே சந்தேகங்களைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெற்றோர் சிலரும், ஒரு மீனவ ஐயாவும்கூடக் கேட்டிருக்கிறார்கள். வரவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்தவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தருகிறேன். மேலிருந்து வாசித்து வாருங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னுள்ளவற்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

1. மிஸ், கண்ணுக்கே தெரியாததுக்குச் சொந்தம் பந்தம் பார்த்து என்ன காணப்போறம்?

முதல் ஆதாயம் வைத்தியருக்கு. என்டமீபா ஹிஸ்டொலிற்றிக்கா வயிற்றுளைவைத் தரும். அதற்குப் பக்கத்திலேயே என்டமீபா டிஸ்பார் என்று ஒன்று இருக்கிறது. அது குடலில் இருந்துவிட்டுப் போகும், கரைச்சல் தராது. இரண்டின் சிறைப்பைகளையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் எவராலும் வேறுபடுத்த முடியாது. நொதியங்களையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்ட பிறகுதான் 1993இல் இரண்டையும் தனித்தனி இனங்களாக விவரித்தார்கள். அதுவரை, நோயே இல்லாத எத்தனையோ பேர் மருந்து குடித்திருப்பார்கள்.

மலேரியாவிலும் இதே கதைதான். மலேசியாவின் சரவாக்கில் பிளாஸ்மோடியம் மலேரியே என்று முடிவு சொல்லப்பட்ட நோயாளிகள் பலருக்கு உண்மையில் இருந்தது குரங்குகளின் மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் நோலெசி. அதை 2004இல் வெளிக்கொண்டுவந்தது டி.என்.ஏ. பரிசோதனை. மலேரியே மெதுவாகப் பெருகும்; நோலெசி ஒரு நாளுக்கொரு தரம் பெருகி ஆளையே கொல்லக்கூடியது. பெயர் மாறினால் உயிரும் மாறலாம்.

2. வடிவத்தைப் பார்த்தாத் தெரியுந்தானே? பிறகேன் டி.என்.ஏ.?

யானைக்கும் பசுவுக்கும் எலும்பு, பல், கரு வளர்ச்சி என்று ஒப்பிட நூறு விஷயம் உண்டு. ஒரு கலத்தில் என்ன இருக்கிறது? அமீபா வடிவத்தை எடுங்கள். போலிக்கால் நீட்டி நகர்வது பல கிளைகளில் தனித்தனியே தோன்றிய பழக்கம். மூளையைத் தாக்கும் நெக்லேரியா பார்வைக்கு அமீபாவேதான். ஆனால் அதன் பரம்பரையலகுகள் அதை யூக்கிளினாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. பாடப்புத்தக அமீபாவுக்கு அது எட்டாத தூரத்துச் சொந்தம்.

நுவரெலியா, வெலிமடைத் தோட்டங்களில் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கும் பைற்றொப்தோராவைப் பார்த்தால் பங்கசு போலவே இழை விடும். ஆனால் அது பங்கசு இல்லை. தயற்றம்கள் என்ற ஒருகல அல்காக்களுக்கும் கபில அல்காக்களுக்கும் உறவு. கலச்சுவரில் செலுலோசு உண்டு. பங்கசுகளின் ஸ்ரெரோல் தயாரிப்பைக் குறிவைக்கும் மருந்துகளை அடித்தால் அது கண்டுகொள்ளாது, ஏனென்றால் அது ஸ்ரெரோலைத் தயாரிப்பதே கிடையாது. உறவு தெரிந்தால் கடையில் எந்தப் போத்தலை வாங்கக் கூடாது என்றாவது தெரியும்.

புதைபடிவமும் அதிகம் கைகொடுக்காது. ஓடு உள்ள தயற்றம்கள், பொராமினிபெராக்கள் தடம் விட்டிருக்கின்றன. ஓடில்லாதவை கரைந்து போய்விட்டன. புரோட்டிஸ்டா என்ற இராச்சியமே ஒருவகையில் வீட்டுச் சாமான் அறைதான்: விலங்கு, தாவரம், பங்கசு என்று எங்கும் வைக்க முடியாததையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். டி.என்.ஏ. வந்துதான் அந்த அறையைத் திறந்தது.

3. எந்தப் பரம்பரையலகை எடுக்கிறது? கண்டபடி எடுக்கேலாதா?

ஏடு பதிப்பித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நூலின் பத்து ஏடுகள் பத்து ஊரிலிருந்து வரும். எழுதியவர்கள் எழுத்தை விட்டிருப்பார்கள், மாற்றியிருப்பார்கள். அதே பாட்டில் அதே இடத்தில் அதே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால், அவை ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர் ஊகிப்பார். நாம் செய்வதும் இதுதான். விகாரம், அதாவது டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறுவது, என்பது பாடபேதம். ஆனால் அதற்கு எல்லாரிடமும் இருக்கும் ஒரே நூல் வேண்டும். ஒருவரிடம் சோதிட ஏடும் மற்றவரிடம் வாகட ஏடும் இருந்தால் எதை ஒப்பிடுவது?

அப்படி எல்லா உயிரிடமும் இருக்கும் நூல் இறைபோசோம் ஆர்.என்.ஏ. புரதம் செய்யாமல் எந்தக் கலமும் வாழாது. ஆகவே பற்றீரியா முதல் நம் வரை எல்லாரும் அதை வைத்திருக்கிறோம், ஒரே வேலைக்கு. பற்றீரியாவிலும் ஆர்க்கியாவிலும் 16 எஸ் எனப்படும் துண்டு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். கருவுள்ள கலங்களின் 18 எஸ் ஏறத்தாழ 1,800. அதற்குள் சில பகுதிகள் கல்லில் வெட்டியது போல் மாறாமல் இருக்கும், சில பகுதிகள் வேகமாக மாறும். தூரத்து உறவுக்கு முதலாவது, கிட்டிய உறவுக்கு இரண்டாவது. காள் வூஸ் என்ற அமெரிக்கர் இந்த ஆர்.என்.ஏ.யை வெட்டித் துண்டுகளாக்கி, படச்சுருளில் விழுந்த புள்ளிகளை வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தார். 1977இல் ஜோர்ஜ் பொக்ஸுடன் சேர்ந்து, மெதேன் விடும் சில ‘பற்றீரியாக்கள்’ பற்றீரியாவே அல்ல என்று அறிவித்தார். ஆர்க்கியா அப்படித்தான் தனியாகப் பிரிந்தது.

4. செய்முறையைப் படிப்படியாச் சொல்லுங்கோ மிஸ். நோட்ஸில ஒரு வரிதான் இருக்கு.

கொட்டியாரக் குடாவில் ஒரு லீற்றர் தண்ணீர் அள்ளுகிறோம் என்று வையுங்கள். 0.22 மைக்ரோமீற்றர் துளையுள்ள வடிதாளில் வடித்தால் கலங்கள் தாளில் தங்கும். கலங்களை உடைத்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் பெருக்குகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும்; 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். பிறகு எழுத்து வரிசையை வாசிக்கிறோம், மற்ற இனங்களின் வரிசைகளோடு அடுக்குகிறோம், மரம் கட்டுகிறோம்.

கேட்கச் சுகம். எனது முதல் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துக் கண்டி பஸ் ஏறினேன். கந்தளாயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஐஸ் இருந்தது. ஹபரணையில் தண்ணீராக இருந்தது. தம்புள்ளையில் அது இளஞ்சூட்டுத் தண்ணீர். ஆய்வுகூடத்தில் ஜெல்லில் ஓட்டியபோது, மேலே ஒரு தடித்த பட்டை தெரிய வேண்டிய இடத்தில் விபூதியை இழுத்துப் பூசியது போல் மேலிருந்து கீழாக ஒரு தேய்ப்பு. டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை வடிதாளை மதுசாரத்தில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் என்ன வெயிலில் நின்றாலும் கவலையில்லை.

5. அந்த எழுத்துகளில இருந்து மரம் எப்பிடி வரும்? ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்கோ.

அடினைன் அ, தைமின் தை, குவானைன் கு, சைற்றோசின் சை. நாலு கலங்கள், பத்து இடங்கள். கரும்பலகையில் நான் போடும் உதாரணம் இது:

கண்ணன்: அ கு சை தை அ அ கு சை தை கு
சிவா: அ கு சை தை கு அ கு சை தை கு
ரஹீம்: அ சை சை தை கு அ கு தை தை கு
தேவி: அ சை சை தை கு அ கு தை தை அ

(கலத்துக்கு ஆட்பெயர் வைத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.) கண்ணனுக்கும் சிவாவுக்கும் ஒரு இடத்தில்தான் வேறுபாடு. ரஹீமுக்கும் தேவிக்கும் அப்படியே. கண்ணனையும் தேவியையும் ஒப்பிட்டால் நாலு. ஆகவே இரண்டு சோடிகள். கவனமாகப் பாருங்கள்: இந்தச் சோடியைக் காட்டிக்கொடுப்பவை 2ஆம், 8ஆம் இடங்கள் மட்டுமே. 5ஆம் இடத்தில் கண்ணன் மட்டும் தனித்து நிற்கிறான், 10ஆம் இடத்தில் தேவி மட்டும். ஒற்றை ஆளின் கிறுக்கல் யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. மாறாத ஆறு இடங்களும் ஒன்றும் சொல்லாது.

உண்மையான வேலையில் எந்த மாற்றம் அடிக்கடி நடக்கும், எது அரிது என்பதற்கு ஒரு கணித மாதிரி வைத்து, எந்த மரம் இந்தத் தரவைத் தந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கணினி தேடும். அடிப்படை இதே கரும்பலகைதான்.

6. அடுக்கிறதைக் கம்பியூட்டர்தானே செய்யும், அதில என்ன பிழை வரும்?

ஏடு எழுதியவர் ஓர் எழுத்தை விட்டால் அதன் பின்னால் வரும் எல்லாம் ஒரு இடம் நகரும். அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் வைத்து நேராக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதைக் கணினி ஊகிக்கிறது, சிலவேளை மோசமாக. மரம் கட்டுவதற்கு முன் அடுக்கைக் கண்ணால் ஒருதரம் பார்க்காதவர் தரும் மரத்தை நான் நம்புவதில்லை.

7. மரத்தில கீழ இருக்கிறது முன்னோர், உச்சியில இருக்கிறது முன்னேறினது. சரிதானே?

இல்லை. நான் ஆகக் கூடுதலாகத் திருத்திய பிழை இது. மரத்தின் நுனிகளில் இருப்பவை எல்லாமே இன்று உயிரோடு இருப்பவை. முன்னோர் இருப்பது கிளை பிரியும் கணுவில். அதற்கு முகம் கிடையாது. உங்கள் மச்சாள் உங்களுக்குப் பாட்டி ஆக மாட்டா. இரண்டு பேருக்கும் ஒரே பாட்டி, அவ்வளவுதான். பரமேசியம் நம் முன்னோர் அல்ல, தூரத்து மச்சாள். நம்மைப் போலவே அதுவும் இத்தனை கோடி வருடம் கூர்ப்படைந்துதான் வந்திருக்கிறது.

கணுவைப் பிடித்துக் கிளைகளை இடம் வலமாகத் திருப்பினாலும் உறவு மாறாது, தொங்கும் மொபைல் பொம்மை போல. யார் முதலில் பிரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் வேர் வேண்டும். அதற்கு வெளிக்குழு ஒன்றைச் சேர்ப்போம்: நிச்சயமாகக் குடும்பத்துக்கு வெளியே உள்ளது என்று தெரிந்த ஒன்று. 5ஆம் பதிலின் நாலு பேருக்கும் வேர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் அங்கே யார் மூத்தவர் என்று நான் சொல்லவில்லை.

விலங்குகளுக்கு மிகக் கிட்டிய ஒருகலச் சொந்தம் எது என்று கேட்டால் கொலரைக் கொண்ட சவுக்குமுளைக் கலங்களான கொஅனோபிளஜெலேற்றுகள். கடற்பஞ்சின் உள்ளே இருக்கும் கலங்களைப் போலவே இருப்பதால் 19ஆம் நூற்றாண்டிலேயே சந்தேகம் இருந்தது. டி.என்.ஏ. அதை உறுதிப்படுத்தியது. வடிவம் எப்போதும் பொய் சொல்லும் என்று 2ஆம் பதிலிலிருந்து எடுத்துவிட வேண்டாம்.

8. கிளைக்குப் பக்கத்தில 98, 54 எண்டு இலக்கம் போட்டிருக்கு. எத்தனை வீதம் சொந்தமெண்டதா?

அது பூட்ஸ்ட்ராப் இலக்கம். ஜோசெப் பெல்சன்ஸ்ரைன் 1985இல் இதை மரங்களுக்குக் கொண்டுவந்தார். 5ஆம் பதிலின் பத்து இடங்களையும் பத்துத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்துமுறை எடுத்தால் ஒரு புதிய அடுக்கு கிடைக்கும். சில இடங்கள் இரண்டு மூன்றுமுறை வரும், சில வராமலே போகும். அதிலிருந்து ஒரு மரம். இதையே ஆயிரம் தடவை செய்து, கண்ணன்–சிவா சோடி நூற்றுக்கு எத்தனை தடவை வந்தது என்று எண்ணினால் அதுதான் இலக்கம்.

நம் உதாரணத்தில் 2, 8 இரண்டுமே வராமல் போகும் வாய்ப்பு 0.8ஐப் பத்துமுறை பெருக்கினால் வரும்: ஏறத்தாழ 11 வீதம். ஆகவே சோடிக்கு ஏறத்தாழ 89 கிடைக்கும். இரண்டே இரண்டு இடம் தாங்கும் சோடிக்கு 89! அதனால் இலக்கத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. தரவுக்குள் மரத்தின் அந்தக் கிளை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்றுதான் அது சொல்லும். முறையே பிழையென்றால் 100 போட்டுக்கொண்டே பொய் சொல்லும். 11ஆம் கேள்வியில் அப்படி ஒன்று வருகிறது.

9. மலேரியாக் கிருமி மரஞ்செடிக்குச் சொந்தமாம் எண்டு அண்ணா சொன்னான். பகிடியா?

அண்ணா அரைவாசி சரி. பிளாஸ்மோடியத்துக்குள் நாலு மென்சவ்வு போர்த்திய ஒரு சின்னப் புன்னங்கம் உண்டு, அப்பிக்கோபிளாஸ்ட். அதற்குச் சொந்தமாக ஏறத்தாழ 35,000 எழுத்து நீள டி.என்.ஏ. வட்டமும் இருக்கிறது. 1990களின் நடுவில் அந்த எழுத்துகளை மரத்தில் வைத்தபோது அது பச்சையவுருமணிகளின் கிளையில் போய் இருந்தது. ஒளித்தொகுப்புச் செய்த ஒரு மூதாதையின் மிச்சம். பச்சையும் இல்லை, வெயிலும் தேவையில்லை, ஆனால் அதை நிறுத்தினால் கிருமி சாகும். பற்றீரியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மலேரியாவுக்கும் வேலை செய்வது இதனால்தான்: பச்சையவுருமணியின் மூலம் ஒரு சயனோபற்றீரியா, அதன் புரதத் தொழிற்சாலை இன்னமும் பற்றீரியாப் பாணியிலேயே ஓடுகிறது.

ஆனால் கிருமி மரஞ்செடிக்குச் சொந்தமில்லை. அதன் மூதாதை ஒரு சிவப்பு அல்கா வழியாக வந்த பச்சையவுருமணியை உள்வாங்கிக்கொண்டது. வீட்டுக்குள் குடியிருப்பவரின் பரம்பரை வேறு, வீட்டுக்காரரின் பரம்பரை வேறு. ஒரே கலத்துக்குள் இரண்டு மரங்கள். வீட்டுக்காரரின் கருவிலுள்ள பரம்பரையலகுகளை எடுத்தால் பிளாஸ்மோடியத்தின் சொந்தக்காரர் பரமேசியமும் டைனோபிளஜெலேற்றுகளும். 2008இல் சிட்னித் துறைமுக முருகைக்கல்லிலிருந்து குரோமேரா என்ற ஒரு கலத்தை விவரித்தார்கள்: மலேரியாக் குடும்பத்துக்குக் கிட்டிய உறவு, ஆனால் இன்னமும் வெயிலில் உணவு செய்கிறது. குடும்பத்தில் தொழிலை விடாத ஒருவர்.

இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி பாடப்புத்தகப் படம். அவர்களின் பாட்டிமாருக்குக் குளிரும் நடுக்கமும்.

10. பிள்ளை, ராவில வலை இழுக்கேக்க தண்ணி நெருப்பு மாதிரி மினுங்குது. புறாமலைக் கல்லுக்குள்ள ஏதோ பாசி இருக்காமே, ரெண்டும் ஒரே சாதியோ?

ஐயா கேட்டது சின்னக் கேள்வி இல்லை. இரவில் மினுங்குபவற்றில் நொக்ரிலூக்கா முக்கியமானது. முருகைக்கல்லுக்குள் இருந்து அதற்குச் சாப்பாடு கொடுப்பவை சிம்பியோடினியம் குடும்பம். இரண்டும் டைனோபிளஜெலேற்றுகள், ஒரே ஊர், வேறு வேறு தெரு. ஒன்று மற்றவற்றை விழுங்கித் திரியும், மற்றது கல்லுக்குள் குந்தியிருந்து சமைக்கும்.

கல்லுக்குள் இருப்பவை நுணுக்குக்காட்டியில் எல்லாமே கபில நிற உருண்டைகள். 1962இல் ஒரு பெயர் வைத்தார்கள், வெகு காலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று என்றே எண்ணினார்கள். பரம்பரையலகுகளைப் பார்த்தபோது உள்ளே பல பழைய கிளைகள் இருந்தன. 2018இல் அவற்றைத் தனித்தனிச் சாதிகளாக (இனத்துக்கு ஒரு படி மேலுள்ள பிரிவு) பிரித்தார்கள். இங்கே 18 எஸ் மட்டும் போதாது, அது மிக மெதுவாக மாறுவது. இறைபோசோம் பரம்பரையலகுகளுக்கு நடுவே கிடக்கும், வேகமாக மாறும் இடைத்துண்டுகளைப் பார்ப்பார்கள். 3ஆம் பதிலில் சொன்ன அதே விதி: கிட்டிய உறவுக்கு வேகமான எழுத்து.

இதைச் சும்மா பெயர் மாற்றம் என்று நினைக்க வேண்டாம். டியூருஸ்டினியம் சாதியில் சில, கடல் சூடானாலும் தாங்கும். புறாமலை 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே கல் வெளிறுமா தப்புமா என்பதில், கல்லுக்குள் எந்தச் சாதி குடியிருக்கிறது என்பதற்கும் பங்குண்டு.

11. கியார்டியாவுக்கு இழைமணி இல்லை, அதால அதுதான் கருவுள்ளதுகளில மிகப் பழசு எண்டு அக்காட பழைய நோட்ஸில இருக்கு. எழுதலாமா?

எழுத வேண்டாம். 1980களில் அப்படியொரு கருதுகோள் இருந்தது: கலத்துக்குச் சக்தி தரும் புன்னங்கமான இழைமணி வருவதற்கு முன்பே பிரிந்தவை என்று கியார்டியா, மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணிகளை ஒரு கூட்டமாக வைத்தார்கள். 18 எஸ் மரமும் அவற்றை அடியில் வைத்து ஆமாம் போட்டது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனதால் எல்லாரும் நம்பினார்கள்.

வில்லன் நீள்கிளைக் கவர்ச்சி. ஏட்டுக்குத் திரும்புவோம். கண்டபடி பிழைவிடும் இரண்டு எழுத்தர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருப்பது நாலே எழுத்து. ஆகவே இரண்டு பேரின் பிழைகளும் தற்செயலாகவே பல இடங்களில் ஒத்துப்போகும். கணினி அதைச் சொந்தம் என்று வாசிக்கும். ஒட்டுண்ணிகள் வேகமாக மாறுபவை. மரத்தில் நீண்ட கிளைகள். வெளிக்குழுவும் மிகத் தூரம் என்பதால் நீண்ட கிளை. நீளமும் நீளமும் ஒட்டிக்கொள்ள, ஒட்டுண்ணி அடியில் போய் விழுந்தது. எழுத்து கூடினால் பிழை குறையும் என்று நினைப்போம். இந்தக் கோளாறில் எழுத்து கூடக் கூடப் பிழை உறுதியாகும் என்று பெல்சன்ஸ்ரைன் 1978இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 8ஆம் பதிலில் சொன்ன பொய் சொல்லும் 100 இதுதான்.

பிறகு வேறு பரம்பரையலகுகளையும் நல்ல மாதிரிகளையும் கொண்டு பார்த்தபோது மைக்ரோஸ்போரிடியா பங்கசுகளின் பக்கம் போய்ச் சேர்ந்தது. கியார்டியாவுக்குள் இழைமணியின் சுருங்கிய மிச்சம் இருப்பதை 2003இல் காட்டினார்கள். மொனோசேர்கொமொனொயிடிஸ் என்ற ஒன்றில் அந்த மிச்சம்கூட இல்லை என்று 2016இல் தெரியவந்தது. ஆனால் அதன் சொந்தக்காரரிடம் இருக்கிறது, அதாவது இருந்து தொலைத்தது. இல்லாததை வைத்து வயது சொல்லக் கூடாது. சொத்தை விற்றவனுக்கும் சொத்தே இல்லாதவனுக்கும் இன்று கை வெறுமைதான்.

12. பற்றீரியா ஒண்டுக்கொண்டு பரம்பரையலகைக் கைமாற்றுமாமே. அப்ப மரம் எப்பிடி நிக்கும்?

கைமாற்றும். நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்புத் தரும் பரம்பரையலகு சம்பந்தமே இல்லாத பற்றீரியாவுக்குப் பாய்வது வைத்தியசாலைகளில் அன்றாடம் நடப்பது. கியார்டியாவும் என்டமீபாவும்கூடப் பற்றீரியாவிடம் கடன் வாங்கியிருக்கின்றன. அப்படிப் பாய்ந்த ஒன்றை எடுத்து மரம் கட்டினால் கடன் கொடுத்தவரைத் தகப்பன் என்று எழுதிவிடுவோம். ஒரு பரம்பரையலகின் மரம் வேறு, இனத்தின் மரம் வேறு.

இறைபோசோம் சார்ந்தவை பாய்வது அரிது. நூறு பாகங்கள் சேர்ந்து ஓடும் இயந்திரத்தில் ஒரு பாகத்தை வேறு கம்பனியிலிருந்து மாட்டினால் ஓடாது. ஆகவே அப்படியான பல பரம்பரையலகுகளைச் சேர்த்து மரம் கட்டுகிறார்கள். ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அது கடன் என்று பிடிபடும். பற்றீரியாவுக்கு மரத்தைவிட வலைதான் பொருத்தம் என்பவர்களும் உண்டு. எனக்கு, மரம் நிற்கிறது, அதில் கொடியும் படர்ந்திருக்கிறது என்ற படமே பிடிக்கும்.

13. மூண்டு பேரிராச்சியமா, ரெண்டா? சோதினையில எதை எழுதுறது?

சோதினையில் மூன்று: பற்றீரியா, ஆர்க்கியா, யூக்கரியா (நம்மைப் போல் கருவுள்ள கலங்கள்). வூஸும் கூட்டாளிகளும் 1990இல் முன்வைத்தது. அதை எழுதிப் புள்ளியை எடுத்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

2015இல் கிறீன்லாந்துக்கும் நோர்வேக்கும் இடையிலான கடலடிச் சேற்றிலிருந்து, கலத்தையே காணாமல், டி.என்.ஏ.யை மட்டும் பொறுக்கிக் கோத்து லோக்கியார்க்கியா என்ற கூட்டத்தைக் கண்டார்கள். யூக்கரியாவுக்கே உரியவை என்று நினைத்த பல பரம்பரையலகுகள் அவற்றிடம் இருந்தன. பல மரங்களில் நாம் ஆர்க்கியாவுக்குப் பக்கத்தில் அல்ல, ஆர்க்கியாவுக்கு உள்ளேயே ஒரு கிளையாக வருகிறோம். அப்படியானால் பேரிராச்சியம் இரண்டு. உண்மையான கலத்தைப் பார்க்க ஜப்பானியர் 12 வருடம் காத்திருந்து வளர்த்தார்கள், 2020இல் வெளியிட்டார்கள்: சின்ன உருண்டை, அதிலிருந்து நீளும் கைகள். நான் இரண்டின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் 11ஆம் பதிலின் வில்லன் இங்கேயும் நடமாடக்கூடும் என்பதால் விவாதம் முடியவில்லை. நம் துறைமுக வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கிடக்கிறது. அந்தச் சேற்றையும் எவராவது அள்ளிப் பார்த்தால் நல்லது.

14. ஆர்க்கியா எண்டா கொதிதண்ணியில இருக்கிறதுதானே? கன்னியாக் கிணத்தில இருக்கும் என?

கன்னியாவின் ஏழு கிணறும் குளிக்கிற சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய ஊன்றியவை என்பது கதை. இன்றும் ஆட்கள் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறார்கள். பி.சி.ஆர். வேலைக்கு உதவும் நொதியத்தைத் தந்த தேமஸ் அக்குவாற்றிக்கஸ் கிடைத்தது அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில். அது 70 பாகை செல்சியஸில் சுகமாக வாழும். அந்தச் சூட்டில் வாளி வைக்க முடியாது. இன்னொன்று, அது ஆர்க்கியாவே இல்லை, பற்றீரியா. சூடு ஆர்க்கியாவின் முத்திரை அல்ல.

ஆர்க்கியாவைத் தேட வெந்நீருக்குப் போகவும் தேவையில்லை. மாட்டின் இரைப்பையில், வயல் சேற்றில், நடுக்கடலில், நம் குடலில் எல்லாம் இருக்கின்றன. உப்பளப் பாத்தியில் உப்பு இறுகும் நேரம் தண்ணீர் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு ஹலோபற்றீரியம் கூட்டத்துக்கு. பெயரில் பற்றீரியா, பிறப்பில் ஆர்க்கியா. 1977க்கு முன் வைத்த பெயர், மாற்ற ஆளில்லாமல் கிடக்கிறது.

15. எத்தனை கோடி வருசத்துக்கு முன்னம் பிரிஞ்சது எண்டும் இதால சொல்லலாமோ?

சொல்லலாம், பெரிய பிழை எல்லையோடு. மாற்றம் ஓரளவு சீராகச் சேர்கிறது என்று வைத்தால் வேறுபாட்டை மணிக்கூடாகப் பாவிக்கலாம் என்ற எண்ணம் 1960களில் சுக்கர்காண்டில், போலிங் இருவரிடமிருந்து வந்தது. ஆனால் மணிக்கூட்டைச் சரிசெய்ய எங்காவது ஒரு புதைபடிவம் வேண்டும். கனடாவில் கிடைத்த பாங்கியோமோர்பா என்ற சிவப்பு அல்காவுக்கு ஏறத்தாழ 105 கோடி வருடம். ஆகவே சிவப்பு அல்கா அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும் என்று ஒரு ஆணி அடிக்கலாம். ஒட்டுண்ணியின் மணிக்கூடு ஓடும் வேகம் வேறு, சும்மா வாழும் கலத்தின் வேகம் வேறு. 11ஆம் பதிலைப் பார்க்கவும். ஒற்றை இலக்கமாக வயது சொல்பவரிடம் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று கேளுங்கள்.

16. வீட்டில ஒரு லப்டொப்தான் இருக்கு. நான் சும்மா செய்து பார்க்கலாமா?

தாராளமாக. உலகம் முழுக்க வாசித்த எழுத்துகள் ஜென்பாங்க் தரவுத்தளத்தில் இலவசம். மெகா போன்ற மென்பொருளும் இலவசம். பரமேசியம், பிளாஸ்மோடியம், நொக்ரிலூக்கா, ஒரு தயற்றம், பைற்றொப்தோரா, மதுவம், நெக்லேரியா, யூக்கிளினா என்று எட்டு 18 எஸ் எடுங்கள். அடுக்குங்கள், 6ஆம் பதிலில் சொன்னபடி கண்ணால் பாருங்கள், மரம் கட்டுங்கள். இதில் யாரை வெளிக்குழுவாக வைப்பது என்று யோசிப்பதே அரைவாசிப் பாடம். பைற்றொப்தோரா மதுவத்தை விட்டுவிட்டுத் தயற்றத்தின் பக்கத்தில் போய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பிளாஸ்ட் என்ற தேடுகருவி முதலாவதாகக் காட்டுவது உங்கள் கலத்துக்கு மிகக் கிட்டிய சொந்தம் என்று கட்டாயமில்லை. தரவுத்தளத்தில் இருப்பவற்றுள் எழுத்து ஒத்துப்போவது, அவ்வளவே. மற்றது, தரவுத்தளத்திலும் பிழைப்பெயர்கள் உண்டு. பெயர்ப்பலகையை நம்பி வீட்டுக்குள் நுழைய வேண்டாம்.

தண்ணீர் அள்ளிச் செய்பவர்களுக்கு மூன்றாவது எச்சரிக்கையும் உண்டு. கண்டி பஸ் கதைக்குப் பிறகு மதுசாரத்தில் கொண்டுபோன இரண்டாவது மாதிரி நன்றாகவே பெருகியது. ஜெல்லில் தடித்த, அழகான பட்டை. புதிய ஒருகல அங்கி ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு கிழமை தரையில் கால் படாமல் நடந்தேன். எழுத்து வந்தது. கொப்பிபொட். இறால் வம்சத்துச் சின்னப் பூச்சி, ஆயிரக்கணக்கான கலங்கள் உள்ளது, வடிதாளில் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், மற்ற எல்லாரையும் மூடி மறைக்கும் அளவு டி.என்.ஏ. தரும். வடிப்பதற்கு முன் 200 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள வலைத்துணியில் ஒருதரம் அரித்துவிடுங்கள். அதன்பிறகு நான் அரிக்காமல் வடித்ததில்லை.